ஆல்ஃபா எண்ணை எழுதுவதற்கு முன்னால்

உளவியல் முதுகலை மாணவர்களுக்குக் களப்பணி சொல்லிக்கொடுப்பதும் அவர்களுடைய ஆய்வேடுகளை வாசித்துத் திருத்திக் கொடுப்பதும் பல வருடங்களாக என் வேலை. ஆய்வு முறை அத்தியாயத்தில் எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் வரி ஒன்று உண்டு: "இந்த அளவுகோலின் நம்பகத்தன்மை 0.89." வினாத்தாள் தரும் மதிப்பெண்கள் எவ்வளவு ஆடாமல் நிற்கின்றன என்று சொல்லும் எண் அது, பெரும்பாலும் ஆல்ஃபா என்ற கணக்கில் வருவது. யாரிடம் அளந்த எண் இது என்று கேட்டால், அளவுகோலை உருவாக்கியவர்களின் கட்டுரையைக் காட்டுவார்கள். அந்தக் கட்டுரைக்கான ஆட்கள் அமெரிக்காவில் மருத்துவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்கள். இவர்கள் போய்க் கேட்டதோ திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் சுளகை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்களிடம்.

அந்த 0.89 இவர்களுடைய எண் அல்ல. வகுப்பில் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறேன். நம்பகத்தன்மை அளவுகோலோடு கூடவே வருகிற குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். இன்ன ஆட்களிடம், இன்ன நாளில், இன்ன விதத்தில் கேட்டு வாங்கிய மதிப்பெண்களுக்குத்தான் அது உண்டு. ஆள் மாறினாலும் கேட்கிற விதம் மாறினாலும் அதுவும் மாறிவிடும். ஒவ்வொரு ஆய்விலும் அதைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் மாணவர்கள் அதிகம் எடுத்துப் போவது பி.எச்.க்யூ-9. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள். 2001ஆம் ஆண்டு குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் இதன் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொரு கேள்வியும் கேட்கும். 'இல்லவே இல்லை' என்றால் 0, 'சில நாள்' என்றால் 1, 'பாதிக்கு மேற்பட்ட நாள்' என்றால் 2, 'ஏறக்குறைய தினமும்' என்றால் 3. அதிகபட்ச மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டியவர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

அந்த மூலக் கட்டுரையில் ஆல்ஃபா 0.89 என்பது பொது மருத்துவ நோயாளிகளிடம் வந்தது. மகப்பேறு, மகளிர் மருத்துவப் பிரிவில் அதே அளவுகோலுக்கு 0.86. ஒரே ஆய்வுக்குள்ளேயே ஆட்கள் மாறியதும் எண் மாறிவிட்டது. அதே கட்டுரையில் மறுசோதனை எண்ணும், அதாவது அதே ஆட்களிடம் திரும்பக் கேட்டால் பதில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்ணும், இருக்கிறது: 0.84. அது எப்படிக் கிடைத்தது என்பதை மாணவர்கள் வாசிப்பதே இல்லை. மருத்துவமனையில் தாளில் நிரப்பிக் கொடுத்தவர்களை 48 மணி நேரத்துக்குள் மனநல அலுவலர் தொலைபேசியில் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார். இந்த 48 மணி நேரம் என்ற விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் பீடி சுற்றும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஆகையால் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு வினாத்தாளுக்கு என்ன நடக்கும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இல்லை. மாணவி போய் உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டு மைனி சுளகோடு வந்துவிடுவாள். மாமியார் கதவோரம் நிற்பார். "இவ என்னத்த கேக்கா, நீ என்னத்த சொல்லுத" என்று அவரும் கவனித்துக்கொண்டிருப்பார். "கடந்த ரெண்டு வாரத்துல மனசு ரொம்பச் சோர்ந்துபோய் இருந்துச்சாக்கா?" என்று கேட்டால் அந்தப் பெண்ணின் கை பீடி இலையைச் சுருட்டுவதை நிறுத்தாது. கண் மட்டும் ஒரு தடவை கதவுப் பக்கம் போய்வரும். "எனக்கென்ன கொறச்சல்? ஒண்ணும் இல்ல." தாளில் 0 என்று விழும்.

அதே பெண்ணை மறுநாள் காலை, கடைக்குப் பீடி போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பார்த்துக் கேட்டால் 2 என்பார். இரண்டில் எது உண்மை என்று மாணவி குழம்புகிறாள். அவளுக்கு நான் சொன்னது இதுதான்: அந்தப் பெண் ஒரு நாளில் மாறவில்லை. கேள்வியும் மாறவில்லை. கேட்ட சூழல் மாறியது. உண்மையில் இருக்கும் மனநிலையோடு கலந்து வரும் இந்த மாதிரி ஏற்ற இறக்கத்தைத்தான் புள்ளியியல் 'அளவீட்டுப் பிழை' என்று சொல்கிறது. அதைக் குறைக்கும் வேலை கணினியின் முன்னால் உட்காரும்போது தொடங்குவதில்லை. திண்ணையிலேயே தொடங்கிவிடுகிறது.

அதனால் எங்கள் களப்பணிக்கு முதலில் இடத்தை ஒழுங்கு பண்ணினோம். எல்லாரிடமும் ஒரே விதமான இடம், தனியாக, வேறு காது இல்லாமல். வீட்டில் அது நடக்காது. ஊரில் சுயஉதவிக் குழுக் கூட்டம் நடக்கும் அறை மதியத்தில் சும்மா கிடக்கும். தலைவி அக்காவிடம் கேட்டால் சாவி கிடைக்கும். ஒவ்வொருவராக அங்கே வரச்சொன்னோம். அவர்களுக்குச் சுற்று வேலை கெடும் என்பதால் சுளகோடு வரலாம் என்றோம். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது பேச்சு லேசாக வருகிறது, அது எங்களுக்கும் நல்லதாகவே இருந்தது. ஆனால் ஒருவருக்குச் சுளகோடு, இன்னொருவருக்குச் சுளகு இல்லாமல் என்று வைக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி.

அடுத்தது கேட்கிறவர்கள். இரண்டு மாணவிகள் ஒரே வினாத்தாளை எடுத்துப்போய் இரண்டு விதமாகக் கேட்பார்கள். ஒருத்தி எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பாள். இன்னொருத்தி இரக்கப்பட்டு, "அதாவது அக்கா, ராத்திரி உறக்கம் வராம பொரண்டு பொரண்டு படுக்கியளா, அப்படித்தானே?" என்று விளக்குவாள். 'அப்படித்தானே' வந்துவிட்டால் முக்கால்வாசிப் பேர் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். அது மரியாதை. படிச்ச பிள்ளை கேட்கிறாள், மறுத்துச் சொல்லக்கூடாது என்கிற எண்ணம். இரண்டாவது மாணவியின் தாள்கள் எல்லாவற்றிலும் மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த ஏற்றத்துக்கும் அந்தப் பெண்களின் மனதுக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு நாங்கள் செய்வது: எந்தக் கேள்விக்கு எந்த விளக்கம் சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி எல்லாரும் வைத்துக்கொள்வது. புரியவில்லை என்றால் கேள்வியை அப்படியே இன்னொரு தடவை வாசிக்கலாம். அந்தத் தாளில் உள்ள விளக்கத்தை மட்டும் சொல்லலாம். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. களத்துக்குப் போகும் முன்னால் மாணவிகள் ஒருவரையொருவர் கேட்டு, கைபேசியில் பதிவுசெய்து, கூட இருந்து கேட்டுப் பார்ப்பார்கள். இந்தப் பயிற்சி சலிப்பூட்டும். ஆனாலும் இதைச் செய்த வருடத்தின் மதிப்பெண்களையும் செய்யாத வருடத்தின் மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நம்பகத்தன்மையைக் கூட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

'இரண்டு வாரம்' என்பது இன்னொரு சிக்கல். நாள்காட்டியைப் பார்த்து வாழாதவர்களிடம் கடந்த பதினான்கு நாளில் எத்தனை நாள் என்று கேட்டால் ஒரு குத்துமதிப்பான பதில்தான் வரும். அடுத்த முறை கேட்டால் வேறொரு குத்துமதிப்பு. ஒரு ஆச்சி எங்களிடம் கேட்டார்: "நாளு கணக்கு எனக்கு என்ன தெரியும் தாயி? இலை வாங்கின கணக்கு கேளு, சொல்லுதேன்." அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டோம். நாங்கள் போன ஊரில் கூலி சனிக்கிழமை கொடுப்பார்கள். "போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை கூலி வாங்குனிய இல்லையா, அதுக்குப் பொறவு இன்னிக்கு வரைக்கும்" என்று காலத்தைக் கட்டி வைத்துவிட்டு, பிறகு கேள்விக்குப் போனோம். வெள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும் பேட்டி வைத்ததால் அது இரண்டு வாரத்துக்குப் பொருந்தியே வந்தது. பதிலையும் இரண்டாகப் பிரித்தோம். முதலில் 'இருந்ததா, இல்லையா' மட்டும். இருந்தது என்றால் அதற்குப் பிறகு 'சில நாளா, பாதிக்கு மேலா, தினமுமா'. நான்கு விடைகளையும் ஒரே மூச்சில் வாசித்தால் கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லிவிடும் வழக்கம் இதனால் குறைந்தது. கேள்வியின் சொற்களில் கை வைக்கவில்லை, கேட்கும் முறையை மட்டும் மாற்றினோம். அப்படி மாற்றியதையும் ஆய்வேட்டில் எழுதச் சொன்னேன். எழுதாமல் விட்டால் அடுத்து வருபவர் அதே ஊரில் அதே அளவுகோலை வைத்துக் கேட்டு, வேறு விடை வாங்கி, நம் ஆய்வையே சந்தேகப்படுவார்.

இப்போது அந்த 48 மணி நேரத்துக்கு வருகிறேன்.

மறுசோதனை என்றால் பதினைந்து நாள் கழித்துத் திரும்பக் கேட்பது என்று நம் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது அந்தப் பெண் சொன்னது அதற்கு முந்தைய 14 நாளைப் பற்றி. பதினைந்து நாள் கழித்துக் கேட்கும்போது அவர் சொல்வது அதற்குப் பிந்தைய 14 நாளைப் பற்றி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நாள்கூட இல்லை. அந்தப் பதினைந்து நாளில் மகளுக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம், குழுக் கடன் தவணை தப்பியிருக்கலாம், மழை பிடித்துச் சுற்றிய பீடி நமத்துப்போயிருக்கலாம். மதிப்பெண் மாறினால் அளவுகோல் ஆடுகிறதா, வாழ்க்கை ஆடுகிறதா என்று பிரித்துச் சொல்ல வழியே கிடையாது. மறுசோதனையின் அடிப்படையே, அளக்கப்படும் விஷயம் நடுவில் மாறவில்லை என்ற அனுமானம்தான். மூல ஆய்வில் 48 மணி நேரத்துக்குள் கேட்டதன் காரணம் இப்போது புரியும்.

மிகக் குறைந்த இடைவெளியிலும் தொல்லை உண்டு. "அதான் நேத்தைக்கே சொன்னம்லா" என்று பழைய பதிலையே ஞாபகத்தில் இருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அப்போது கிடைப்பது ஞாபகசக்தியின் நம்பகத்தன்மை. நாங்கள் ஏழு நாள் வைத்துக்கொள்கிறோம். இந்தப் பக்கத்து வாழ்க்கை வாரக் கணக்கில் ஓடுகிறது: கூலி வாரத்துக்கு ஒரு நாள், தவணை வாரத்துக்கு ஒரு நாள். அதே கிழமை, அதே நேரம், அதே அறை, அதே மாணவி. 14 நாளில் 7 நாள் இரண்டு தடவையும் பொதுவாக வரும். இரண்டு தடவை மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஏன் குறைகிறது என்று சொல்லக்கூடிய குறைவு அது.

ஒரு வருடம் மறுசோதனை நாள் கோயில் கொடைத் திருவிழாவில் போய் விழுந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் கொடை என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டிக்கொடுத்த பிள்ளைகள் எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். வீட்டில் சுண்ணாம்பு அடித்திருக்கும். ராத்திரி வில்லுப்பாட்டு, பகலில் மேளச் சத்தம். சுளகு பரண் ஏறிவிடும். அந்த வாரத்தில் மனச்சோர்வு மதிப்பெண் எல்லாருக்கும் இறங்கிவிட்டது. மாணவி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வந்தாள். இரண்டு தடவைக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு நன்றாகவே இருந்தது.

இருக்கத்தான் செய்யும். முதலில் 12, 9, 15, 6 எடுத்த நால்வர் அடுத்த முறை 9, 6, 12, 3 எடுத்தால் சாதாரண ஒட்டுறவுக் கெழு சரியாக 1 வரும். ஒவ்வொருவரும் 3 குறைந்துவிட்டதை அது கண்டுகொள்ளாது. யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசையும் இடைவெளியும் கலையவில்லை என்று மட்டும் சொல்லும். அளவே அப்படியே இருந்ததா என்று தெரிய உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழுவைப் போட வேண்டும். அதிலும் 'முழு ஒப்புதல்' வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷ்ரவுட், ஃபிளைஸ் இருவரும் 1979இல் இதன் வகைகளைப் பிரித்து எழுதினார்கள். எந்த வகையைப் போட்டீர்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் வாசிப்பவருக்குப் பிரயோசனம் இல்லை. அந்த மாணவிக்குப் போட்டுப் பார்த்தபோது எண் இறங்கியது. அவள் அதை எழுதினாள், கொடையையும் எழுதினாள். அவளுடைய ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அது. இப்போதெல்லாம் களப்பணி நாள் குறிக்கும் முன் ஊர்ப் பெரியவரிடம் கொடைக்குக் கால்நாட்டு என்றைக்கு என்று கேட்டுவிடுகிறோம்.

ஆல்ஃபாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1951இல் லீ கிரோன்பாக் எழுதியது. ஒரே அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து நடக்கின்றன என்று பார்க்கும். ஒரே நாளில், ஒரே தடவை கேட்டாலே கணக்கிட்டுவிடலாம் என்பதால்தான் எல்லாருக்கும் பிரியம். அடுத்த வாரம் கேட்டால் என்ன வரும் என்பதையும் வேறொருவர் கேட்டால் என்ன வரும் என்பதையும் அது சொல்லாது. மூன்று விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும்: ஐந்து கேள்விக்கு 0.50 என்றால், அதே தரத்தில் பதினைந்து கேள்வி வைத்தால் 0.75 ஆகிவிடும். ஆல்ஃபா விபரீதமாகக் குறைந்தாலோ, சுழியத்துக்குக் கீழே போனாலோ பதற வேண்டாம். எதிர்த்திசையில் கேட்ட கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்திருப்பார்கள், முதலில் அதைச் சரிபாருங்கள். 0.97 என்று வந்தாலோ சந்தோஷப்படுவதற்கு முன் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ஆரம்பம் முதல் கடைசிவரை 3, 3, 3 என்று ஒரே நேர்கோட்டில் டிக் அடித்த தாள்கள் கிடக்கும். அது சலித்துப்போனவர் அடித்த டிக், அல்லது களத்துக்கே போகாதவர் அடித்த டிக். இரண்டாவது வகைத் தாள்கள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன. எந்தக் கணக்காலும் அதற்குப் பரிகாரம் இல்லை.

பி.எச்.க்யூ-9இல் களைப்பைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. காலையில் இருந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களிடம் அதைக் கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் 'தினமும்' என்கிறார்கள். எல்லாரும் ஒரே பதில் சொன்னால் அந்தக் கேள்வி யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது, மொத்த மதிப்பெண்ணோடும் ஒட்டாது. 'இந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் ஆல்ஃபா கூடும்' என்று மென்பொருள் காட்டும். மாணவர்கள் உடனே எடுத்துவிடப் பார்ப்பார்கள். எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. எடுத்தால் 10 என்ற வெட்டுப்புள்ளிக்கு அர்த்தம் போய்விடும், வேறு ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியாது. அதை அப்படியே வைத்து, இந்தப் பெண்களிடம் அந்தக் கேள்வி எப்படி நடந்துகொண்டது என்று எழுதுவதுதான் கண்டுபிடிப்பு. ஜமோவி, ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். இரண்டிலும் ஆல்ஃபாவோடு மெக்டொனால்டின் ஒமேகா என்ற இன்னொரு நம்பகத்தன்மை எண்ணையும் சேர்த்தே எடுக்கலாம். கேள்விகள் எல்லாம் சம கனம் உள்ளவை என்று ஒமேகா எடுத்துக்கொள்வதில்லை. அதனால் இந்த மாதிரி இடத்தில் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

மனிதர் மதிப்பிடும் இடத்தில் வரும் நம்பகத்தன்மையைப் பீடிப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். கடையில் பீடியைப் பார்த்து வாங்குகிறவர் கட்டைப் பிரித்து, நுனி சரியில்லை, தூள் குறைவு, சுற்று தளர்வு என்று கழிப்பார். ஓர் அக்கா சொன்னார்: "அந்த அண்ணாச்சி பாத்தாவன்னா கட்டுக்கு நாலு போவும். இந்த அண்ணாச்சி பாத்தா ஒண்ணுதான் போவும். அதே கைதான சுத்துச்சு?" மதிப்பீட்டாளர்களுக்கு இடையிலான ஒப்புதல் என்று நாம் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவது இதைத்தான். இதில் அவருடைய கூலியும் இருக்கிறது.

எங்கள் ஆய்வில் அந்த அண்ணாச்சிகளின் இடத்தில் இருந்தவர்கள் இரண்டு மாணவிகள். பேட்டிகளை எழுத்தில் கொண்டுவந்து, 'குடும்ப ஆதரவு பற்றிய பேச்சு இதில் இருக்கிறதா, இல்லையா' என்று ஒவ்வொன்றுக்கும் குறித்தார்கள். "நூற்றுக்கு எண்பது ஒத்துப்போகிறது மேடம்" என்றார்கள். எண்பது சதவீதம் கேட்க நன்றாக இருக்கும். அதை ஒரு மாதிரிக் கணக்கு வைத்துப் பிரித்துக் காட்டினேன். 100 பேட்டியில் இருவரும் 'உண்டு' என்றது 70, இருவரும் 'இல்லை' என்றது 10, இவள் உண்டு அவள் இல்லை 10, அவள் உண்டு இவள் இல்லை 10 என்று வைத்துக்கொள்வோம். ஒப்புதல் 80. ஆனால் இருவரும் தனித்தனியே 80 பேட்டிகளுக்கு 'உண்டு' போட்டிருக்கிறார்கள். பேட்டியை வாசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டிருந்தாலும் 'உண்டு' என்று 64, 'இல்லை' என்று 4, ஆக 68 ஒத்துப்போயிருக்கும். தற்செயலுக்கு மேல் இவர்கள் சாதித்தது 12. சாதிக்க இடம் இருந்தது 32. பன்னிரண்டை முப்பத்திரண்டால் வகுத்தால் 0.375. இதுதான் 1960இல் ஜேக்கப் கோஹன் கொடுத்த காப்பா. எண்பது என்பது இப்போது அத்தனை பெருமையாகத் தெரியாது.

காப்பா குறைந்தால் ஒருத்தியைக் குறை சொல்வதில் பயன் இல்லை. ஒத்துப்போகாத பேட்டிகளை மட்டும் எடுத்து இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்தோம். சண்டை எங்கே என்று சீக்கிரமே தெரிந்தது. "மாமியார் பிள்ளையப் பாத்துக்கிடுவா, நான் சுத்துவேன்" என்பது ஆதரவா? ஒருத்திக்கு ஆதரவு. இன்னொருத்திக்கு அது வெறும் வேலைப் பங்கீடு, அந்தப் பெண் அதை உதவியாக நினைத்ததாகப் பேச்சில் இல்லை என்றாள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. விதியை எழுதினோம்: பேசுகிறவரே அதைத் தனக்குத் துணை என்று காட்டினால்தான் 'உண்டு'. அதற்கு ஓர் உதாரணம், எல்லையில் நிற்கும் ஓர் உதாரணம், சேராத ஓர் உதாரணம். இந்த விதியை வைத்து இதுவரை தொடாத புதுப் பேட்டிகளை இருவரும் தனித்தனியே குறித்து, அதற்குக் காப்பா போட்டார்கள். பழைய பேட்டிகளுக்கே திரும்பப் போட்டால் பேசி வைத்து ஒத்துக்கொண்டது கணக்கில் சேர்ந்துவிடும். பலர் வழுக்கி விழும் இடம் இது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, ஆய்வேடுதானே என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். 1904இலேயே சார்லஸ் ஸ்பியர்மன் காட்டியது முதலாவது. இரண்டு விஷயங்களுக்கு நடுவே உண்மையில் இருக்கும் ஒட்டுறவு 0.50. ஆனால் இரண்டையும் அளந்த நம்பகத்தன்மை 0.60 மட்டுமே என்றால் கையில் கிடைப்பது 0.30தான். 'கடனுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு குறைவு' என்று எழுதிவிடுவார்கள். குறைந்தது தொடர்பு இல்லை, அளந்த விதம். பெரிய இடங்களிலும் அளவீடு ஆடினால் முடிவும் ஆடும். 2015இல் 270 ஆய்வாளர்கள் சேர்ந்து, உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி முக்கியமான முடிவு என்று சொன்னவை. திரும்பச் செய்தபோது அப்படி வந்தது 36 சதவீதம். அதற்குக் காரணங்கள் பல, சிறிய மாதிரியும் சாதகமான முடிவை மட்டும் அச்சிடும் பழக்கமும் அதில் சேரும். ஆடுகிற அளவீடும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

இரண்டாவது கணக்கு ஒற்றை மனிதரைப் பற்றியது, எனக்கு இதுதான் முக்கியம். மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியில் இருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, 5, நம்பகத்தன்மை 0.84 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருந்து 0.84ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, ஐந்தால் பெருக்கினால் 2. இதுதான் அளவீட்டுத் திட்டப்பிழை. ஒருவர் 11 எடுத்தால் அவருடைய உண்மையான நிலை ஏறக்குறைய 7க்கும் 15க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். நம்பகத்தன்மை 0.64 ஆக இறங்கினால் அதே 11க்கு எல்லை 5இல் இருந்து 17 வரை விரியும். 10க்கு மேலே போனாரா, கீழே இருக்கிறாரா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆலோசனை கொடுத்த பிறகு 11 என்பது 7 ஆகிவிட்டது, நம் ஆலோசனை பலித்தது என்று எழுதுகிறார்கள். 0.84 இருந்தாலும்கூட இரண்டு தடவை அளக்கும்போது இரண்டு பிழை சேர்வதால், ஐந்தரை புள்ளிக்குக் குறைவான மாற்றம் வெறும் ஆட்டமாக இருக்க வாய்ப்பு உண்டு. தனிமனிதரைப் பற்றி முடிவெடுப்பதானால் நம்பகத்தன்மை குறைந்தது 0.90 வேண்டும் என்று உளவியல் அளவீட்டு அறிஞர் நன்னலி 1978இல் எழுதினார். அவரே ஆய்வின் ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும் சொன்ன 0.70ஐத்தான் நம் ஆய்வேடுகள் எல்லாவற்றுக்கும் பொது விதியாகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஆகவே ஆய்வு முன்மொழிவு எழுதும்போதே மறுசோதனைக்கு நாளும் பஸ் காசும் ஒதுக்கிவிடுங்கள். பங்கேற்பவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் இரண்டாம் தடவை பார்த்தால் போதும், எல்லாரையும் பார்க்க வேண்டாம். இரண்டாம் தடவை போகும்போது "முன்ன கேட்டதத்தான கேக்க, பொறவும் எதுக்கு?" என்று கேட்பார்கள். "நீங்க சொன்னது சரியான்னு பாக்க இல்லக்கா, நாங்க கேட்டது சரியான்னு பாக்கோம்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லாவிட்டால் பொய் சொன்னதாகச் சந்தேகப்படுகிறார்களோ என்று மனம் சங்கடப்படுவார்கள், முந்தைய பதிலையே பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் இழக்கும் நேரத்துக்கு ஈடாக அன்றைய சுற்றுக் கூலியில் ஒரு பங்கைக் கொடுப்பதற்கும் திட்டத்தில் இடம் வையுங்கள். ஆய்வேட்டில் யார் கேட்டது, எங்கே கேட்டது, எத்தனை நாள் இடைவெளி, எந்தக் கெழு, இந்த ஆட்களிடம் கிடைத்த ஆல்ஃபா எவ்வளவு என்று எழுதுங்கள். வெளியூர்க் கட்டுரையின் எண்ணை ஒப்பிட வேண்டுமானால் பக்கத்தில் வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விலக்கு. பி.எச்.க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் மறுசோதனைக்குக் காத்திருக்கக்கூடாது, திட்டப்பிழை கணக்குப் போடக்கூடாது. தாளை மடக்கி வைத்துவிட்டு அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேச வேண்டும். களப்பணிக்குப் போகும் ஒவ்வொரு மாணவியின் பையிலும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் எந்த மருத்துவமனையில் இருப்பார் என்ற விவரமும், 24 மணி நேரமும் தமிழில் பேசும் அரசு மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416உம் இருக்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், அவர் சம்மதித்தால் அங்கேயே நம் கைபேசியில் இருந்து கூப்பிட்டுப் பேசவைக்க வேண்டும். மாமியார் கதவோரம் நிற்காத அறையில் பேட்டி வைத்தது இதற்கும் உதவியது.